மஞ்சள் விளக்கு எரியவில்லை

உடைப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. சுத்தியல், கடப்பாரை எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடைப்பாள். நகத்தின் அளவே இருக்கும் சிப் ஒன்றின் வரைபடம் அவளிடம் வரும். அதற்குள் ஓடும் பல்லாயிரம் கம்பிகளில் ஒன்றை எடுத்து, இது 'ஒன்று' என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டது, பூஜ்யத்துக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வாள். சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்தச் சிப்பின் போலி ஓட்டம், தொடங்கும். அந்த ஒரு பழுதை வைத்துக்கொண்டு சிப் என்ன கூத்தடிக்கிறது என்று பார்ப்பாள். பிறகு பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டால்? மறுபடி ஓட்டம். பிறகு அடுத்த கம்பி. நிஜத்தில் ஒரு தூசுகூட அசையாது. ஆனால் அந்தச் சிப் நாளைக்கு யாருடைய தலைமேல் ஓடப்போகிறதோ, அவர்களுக்காக இன்றைக்கே உடைத்துப் பார்த்துவிட வேண்டும்.

அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் அண்ணி கேட்டாள், "உங்க தங்கச்சிக்கு ஆபீஸ்ல என்னதாங்க வேலை?"

"நல்லா இருக்கறதுல குறை கண்டுபிடிக்கறது."

"அதுக்குச் சம்பளம் வேறயா? எங்க மாமியார் சும்மாவே செய்யறாங்களே!"

அம்மாகூட அன்றைக்குச் சிரித்துவிட்டாள். அப்போதிலிருந்து அவளுக்கு வீட்டில் 'குறைகாரி' என்றே பேர். அண்ணன் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டான். நாற்பது வயதாகியும் அவன் வாயில் அவள் 'பாப்பா'தான்.

அண்ணன் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று சொல்ல வேண்டும். அந்த மெஷினில் தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, இடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒரு பொத்தான், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது உள்ளே விட மூன்றாவது கை யாருக்கு இருக்கிறது? அதுதான் பாதுகாப்பு. அதை ஏமாற்றும் வித்தையும் தொழிலாளிகளுக்குத் தெரியும். இடது பொத்தானை டேப் போட்டு அழுத்திக் கட்டிவிட்டால், ஒரு கையால் வேலை மளமளவென்று நடக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் பழைய மெஷினில் அண்ணனும் அப்படிக் கட்டி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை மெஷின்களுக்கெல்லாம் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கிப் போட்டது.

இந்த வருடம், ஒரு மத்தியான ஷிப்டில், வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனபோது இரும்பு இறங்கியது. அவன் இடது கை உள்ளே இருந்தது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். அவன் இடதுகைப் பழக்கக்காரன்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். சமர்த்தாக ஓடியது. பெட்டிக்குள் பதிவாகியிருந்ததைத் தாளில் எடுத்தார்கள். விபத்துக்கு முன்னால் பதினொரு நிமிடம் இடது பொத்தான் விடாமல் அழுத்தப்பட்டிருந்ததாக அதில் இருந்தது. அப்புறம் என்ன, பழைய திருடன்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா, நான் கட்டலை."

"அண்ணா, பதிவு இருக்கு."

"பதிவு என்ன வேணா சொல்லட்டும். தகடு கோணலா உக்காந்துச்சு. இடது கையால நேர் பண்ணிட்டிருந்தேன். வலது கை தெரியாம பொத்தான்ல பட்டுது. அவ்வளவுதான்."

"வலது மட்டும் பட்டா இறங்காது."

"இறங்குச்சே!"

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற சிப்பைச் சோதிச்சதே நான்தான். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பழுதைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன். ஊருக்கெல்லாம் சொல்ற கதையை என்கிட்டயும் சொல்லாதே."

அப்படித்தான் சொன்னாள். துணிப்பொட்டலம்போல் கட்டு போட்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவன்மேல் அவ்வளவு கோபம். மாட்டிக்கொண்ட பிறகாவது புத்தி வர வேண்டாமா, பொண்டாட்டி முகத்தையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று ஆற்றாமை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு தாள் வந்தது. பொத்தானைக் கட்டியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டால் விவகாரம் அதோடு முடியும். அவனுடைய இடத்தில் அண்ணிக்கு வேலை. மாட்டேன் என்றால் விசாரணை, வழக்கு, வருடக்கணக்கில் இழுக்கும். அண்ணன் தாளையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். குறைகாரிதான் பேனாவை எடுத்து அவன் வலது கையில் வைத்தாள்.

"போட்டுடு அண்ணா. செஞ்சதை ஒத்துக்கிறதுல என்ன கௌரவம் குறைஞ்சு போச்சு? அண்ணிக்காவது வேலை நிக்கும்."

பழகாத கையால் போட்டான். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. அன்றைக்குப் பிறகு 'நான் கட்டலை' என்ற பேச்சை அவன் எடுக்கவே இல்லை. அதையும் அவள் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய ஆபீசில் தலைமைப் பொறியாளருக்கு 'தொண்ணூத்தொன்பது' என்று பட்டப்பெயர். பட்டியலில் உள்ள பழுதுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைச் சிமுலேஷன் பிடித்துக் காட்டாதவரை மனிதருக்குச் சோறு இறங்காது. தொண்ணூற்றெட்டரை என்று யாராவது சொன்னால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி பார்ப்பார். அண்ணன் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆன ஒரு வியாழக்கிழமை, அவர் அவள் மேஜைக்கு வந்து, "அந்தப் பிரஸ் மெஷின் சிப் இருக்கே, அதுக்குப் புது வடிவம் கேக்கறாங்க. பழைய பட்டியலை எடுத்துத் தூசு தட்டுங்க" என்றார்.

எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியல். அந்தச் சிப்புக்குப் பிறகு அவள் பதினொரு சிப்பை உடைத்துவிட்டாள். இதில் பாதி மறந்தே போயிருந்தது. வரைபடத்தில் இடது பொத்தானின் கம்பி சிப்புக்குள் வந்ததும் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை காவல் பகுதிக்குப் போகிறது. ஒவ்வொரு முறை இரும்பு இறங்கி ஏறிய பிறகும் பொத்தானிலிருந்து கை எடுக்கப்பட்டதா என்று அது பார்க்கும். எடுக்கவில்லை என்றால் மஞ்சள் விளக்கைப் போட்டு மெஷினைப் பூட்டிவிடும். டேப் ஒட்டுகிறவர்களுக்காகவே வைத்த பூட்டு அது. இன்னொரு கிளை, இரும்பை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்துக்குப் போகிறது. பதிவு எடுப்பதும் இந்த இரண்டாவது கிளையிலிருந்துதான்.

இடது பொத்தானைக் கட்டியிருந்தால் இரண்டாவது தடவையே மெஷின் பூட்டியிருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்திருக்க வேண்டும். பதினொரு நிமிடம் எப்படி ஓடியது?

அண்ணனுடைய பதிவின் நகல் அவள் கைப்பையில் கிடந்தது. விசாரணைக்காரர்கள் கொடுத்தது. எல்லாரும் பார்த்தது மூன்றாவது வரிசை, இடது பொத்தான். அவளும் அதைத்தான் பார்த்தாள். கடைசி வரிசைக்கு யாரும் போகவில்லை. அது மஞ்சள் விளக்கு. மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் இரண்டு ஓட்டம் போட்டாள். முதலாவதில் பொத்தானையே கட்டிவைத்தாள். சிப் இரண்டாவது தடவையே விளக்கைப் போட்டுப் பூட்டிக்கொண்டது. அடுத்ததில் பொத்தானைத் தொடவில்லை. கிளைக்கு அப்பால், அந்த இரண்டாவது கிளையை மட்டும் ஒன்றில் ஒட்டவைத்தாள். காவல் பகுதி நல்ல பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. விளக்கு எரியவில்லை. பதிவில் இடது பொத்தான் விடாமல் அழுத்தப்பட்டிருந்தது. வலது பொத்தானை மட்டும் அழுத்தியதும் இரும்பு இறங்கியது. அண்ணனுடைய பதிவுத் தாளும் திரையில் வந்த பதிவும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

அப்படியானால் இந்தப் பழுது ஏன் மூன்று வருடத்துக்கு முன்பே அகப்படவில்லை? பட்டியலில் தேடினாள். இருந்தது. பொத்தான் கட்டப்பட்ட பழுதோடு ஒரே கொத்தாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் பழுதுகளைக் கொத்தாகக் கட்டி, ஒன்றை மட்டும் ஓட்டுவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இல்லாவிட்டால் ஒன்பது நாள் ஓட்டம் இரண்டு நாளில் முடியாது. ஆனால் இந்த இரண்டும் ஒன்றுபோல இருப்பது இரும்பின் முதல் இறக்கத்தை மட்டும் பார்த்தால்தான். விளக்கையும் பார்த்திருந்தால் வேறு வேறு. நேரம் மிச்சமாகட்டும் என்று பார்க்க வேண்டியவற்றிலிருந்து விளக்கை எடுத்துவிட்டவள் அவளேதான். போதாததற்கு அந்தக் கொத்துக்கு எதிரே ஒரு குறிப்பு: 'தொழிலாளி செய்யும் தவறு. ஓட்ட வேண்டாம்.' பக்கத்தில் தேதி, அவளுடைய சுருக்கக் கையெழுத்து. அந்தக் கொத்தை அடித்த பிறகுதான் தொண்ணூற்றெட்டரை தொண்ணூற்றொன்பதைத் தாண்டியது. அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, தாள்களை எடுத்துக்கொண்டு தொண்ணூத்தொன்பதின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதும் படித்தார். கெட்டிக்காரர், இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"புது வடிவத்துல விளக்கையும் சேர்த்துடுவோம். சத்தம் போடாம சரி பண்ணிடலாம்."

"பழசு சார்? ஓடிட்டிருக்கிறது?"

"எழுதணும். யோசிச்சு, பக்குவமா எழுதணும். அவசரப்பட்டு எழுதினா முதல்ல உங்க பேர்தான் வரும். கையெழுத்து உங்களுது."

"அந்த மெஷின்ல இன்னிக்கு எங்க அண்ணி நிக்கறாங்க. இத்தனை நாள் வேற பக்கம் பழக்கினாங்க. விபத்துலேர்ந்து சும்மா நின்ன அண்ணனோட மெஷினை இன்னிக்குத்தான் கொடுக்கறாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு ஷிப்ட்?"

"ரெண்டு."

மணி இரண்டு பத்து. "உடம்பு சரியில்லைன்னு லீவு போடச் சொல்லுங்களேன்" என்றார் அவர். அதுதான் அவருக்குத் தோன்றிய வழி.

அண்ணியின் போன் ஷிப்ட் நேரத்தில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுத்தில்தானே வேண்டும்? இரண்டு ஓட்டத்தையும் தாளில் எடுத்து, கீழே 'இந்தப் பழுதைப் பட்டியலிலிருந்து நீக்கியது நான்' என்று எழுதி, முழுப் பேரும் போட்டுக் கையெழுத்திட்டு, ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் கணக்குப் போட்டபடி இருந்தாள். அண்ணனுக்கு ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் நடந்தது. மறுநாள் காலையில், மெஷின் ஆறிக் கிடந்தபோது, ஒன்றுமே இல்லை. சூடானால் ஒட்டிக்கொள்கிறது, ஆறினால் விட்டுவிடுகிறது. அப்படியானால் நாலு மணி. அதற்குள் போய்விட வேண்டும்.

வாசலில் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அண்ணன் வீடு தொழிற்சாலைக்குப் பின் தெருவில். அவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மகளுடைய பழைய நோட்டில் வலது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முழுக்க அவனுடைய பேர்.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"இல்ல பாப்பா. நான்தான் கட்டினேன்."

"அண்ணா, கட்டலைன்னு நீதானே சொன்னே!"

"அப்போ வலியில உளறியிருப்பேன். கட்டினேன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன், அதிகாரிங்ககிட்ட, சங்கத்துல, வீட்டுல. சொல்லச் சொல்ல எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. டேப்பைப் பல்லால கிழிச்சேன். சர்ருன்னு அந்தச் சத்தம்கூடக் காதுல இருக்கு."

நடக்காத ஒன்றை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறானே பாவி. "சரி, கட்டினதாவே இருக்கட்டும். இப்போ எந்திரி. அண்ணி அங்க நிக்கறாங்க" என்று அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

வாசல் காவலாளி அண்ணனின் கையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். "பத்து நிமிஷம்தான். என் வேலைக்கு உலை வச்சுடாதீங்க" என்றார்.

உள்ளே பேச்சு கேட்காத இரைச்சல். ஒரே வரிசையில் பதினெட்டு மெஷின். முதலாவதில் அண்ணி, தலையில் தொப்பி, கையில் முரட்டுக் கையுறை. இடது கையால் தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தாள். வலது கை பொத்தானுக்குப் பக்கத்தில்.

"அண்ணி! கையை எடுங்க!"

தொண்டை கிழியக் கத்தியதில் அண்ணி பயந்து இரண்டு கையையும் உதறிக்கொண்டு பின்வாங்கினாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இது யார் கையெழுத்து?" என்றார்.

"என்னோடது."

"உங்க அண்ணன் கையெழுத்தும் எங்ககிட்ட இருக்கும்மா. கட்டினேன்னு அவரே போட்டது."

"ஆமாங்க, நான்தான்" என்றான் அண்ணன்.

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். கண்ணில் நெருப்பு. "நல்லா இருக்கறதுலதான் குறை கண்டுபிடிப்பீங்க. எங்க வீட்டு அடுப்பையும் அணைச்சுட்டுத்தான் போவீங்களா?"

"நீங்க என்னை எப்படி வேணா திட்டுங்க. வலது பொத்தானை மட்டும் அழுத்திக் காட்டுங்க. இறங்கலைன்னா நான் போயிடறேன்."

அண்ணி இடது கையுறையைக் கழற்றி, தகட்டின்மேல் வைத்தாள். இடது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, வலது பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதுமா?" என்றார். அண்ணன், "நான்தான் சொன்னேனே பாப்பா" என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். தயவுசெய்து" என்றாள்.

அண்ணி அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. பிடிவாதக்காரி, இந்த நாத்தனாரின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் ஓய்வது என்பதுபோல் அழுத்தினாள். எத்தனையாவது தடவை என்று யாரும் எண்ணவில்லை. இரும்பு இறங்கியது.

மேலே ஏறியபோது கையுறை தகட்டோடு தகடாக ஒட்டியிருந்தது. ஐந்து விரலும் அப்படியே தெரிந்தன. பெட்டியின்மேல் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

சூப்பர்வைசர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, யாருக்கோ போன் போட ஓடினார். அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, இடது பொத்தானைச் சுற்றிப் பார்த்தான். டேப் ஒட்டிய பிசுக்கு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அப்போ நான் கட்டலையா?"

"இல்லண்ணா. நீ கட்டலை."

"டேப்பு?"

"டேப்பே கிடையாது. அந்தப் பழுதைப் பட்டியல்லேர்ந்து அடிச்சது நான். மூணு வருஷத்துக்கு முன்னாடி, என் கையாலயே."

பட்டியல், பழுது எல்லாம் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"பேனாவைக் கையில வச்சதும் நீதானே பாப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இதாவது நிஜமாக நடந்ததா என்று சரிபார்த்துக்கொள்வதுபோல் கேட்டான்.

"ஆமாண்ணா" என்றாள்.

மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லையாம், மேலே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி யாரையும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டாள். இரண்டாவது மெஷினில் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, "கையை எடு" என்றாள். அவள் எடுத்ததும் மூன்றாவது மெஷினுக்கு நடந்தாள்.